இரும்பிருக்கா ஐயா

ஊவா மாகாணத்தில் கிறுக்கர்களுக்குப் பஞ்சமே கிடையாது. வெலிமடையில் உருளைக்கிழங்குகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டவரைத் தெரியும். பெரகல சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தே தாத்தாவானவரைத் தெரியும். ஆனால் கல்யாண ஊர்வலத்தை நடுமலையில் நிறுத்தி, மாப்பிள்ளையின் பெல்ட்டைக் கழற்றச் சொன்னவர் நான் அறிந்து ஒரே ஒருவர்தான்.

மாப்பிள்ளையும் கழற்றினார், பாவம். பெல்ட் இல்லாத பட்டு வேட்டியை நம்ப முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேளம் நின்றது, நாயனம் நின்றது, சீர்த்தட்டு தூக்கிய பெண்கள் கொண்டை ஊசிகளை உருவித் தலைவிரி கோலமாக நின்றார்கள். நம்மவர் ஒரு பித்தளைப் பெட்டிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார், ஓர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார், பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் போய்ட்டு வாங்க, நல்லா இருங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். மாப்பிள்ளை கோயில் வாசல் வரை வேட்டியைப் பிடித்துக்கொண்டேதான் போனதாகக் கேள்வி. பெல்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாராம்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு இருக்கத்தான் செய்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. எதிரில் யார் வந்தாலும் சலாம் சொல்வதற்கு முன்பே "இரும்பிருக்கா?" என்று கேட்பார். ஆகவே அவர் இரும்பிருக்கா ஐயா.

நான் அப்போது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். கல்யாணமாகி நாலைந்து மாதம். பாண் ரொட்டிக்குக் கியூ, மாவுக்குக் கியூ என்று நாடே வரிசையில் நின்ற காலம். மண்ணெண்ணெய்க்கு மட்டும் கியூ கிடையாது, ஏனென்றால் மண்ணெண்ணெயே கிடையாது. அந்த நாளில்தான், 'அரசாங்க ஆய்வு அதிகாரி, உம் வீட்டில் பதினைந்து நாள் தங்குவார்' என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லி அனுப்பினார். நானும் என் மனைவி பிலோமினாவும் கோட்டு, தொப்பி, ஜீப் என்று எதிர்பார்த்து வாசலில் நின்றோம். ஜீப் இரும்பாயிற்றே, அதைத் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கமே திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் ரப்பர் செருப்பில் ஏறி வந்தார்.

சட்டையில் சிரட்டைப் பொத்தான். கால்சட்டைக்கு நார்க்கயிறு. மூக்குக்கண்ணாடியில் திருகாணிக்குப் பதில் நூல், ஆகவே பேசும்போது கண்ணாடி ஒரு பக்கமாக இறங்கும், அவர் தலையை மறுபக்கம் சாய்த்துச் சரிசெய்வார். குடையில் கம்பி இருக்கிறது என்று மழைக்குக் கம்பளியைத்தான் தலையில் போட்டுக்கொள்வார். இத்தனைக்கும் அவருடைய வாப்பா பதுளைக் கடைவீதியில் பேர்போன இரும்புக்கடைக்காரர்! மகன் கடைக்குள் கால் வைத்தே வருஷக்கணக்காயிற்றாம். தகப்பனைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துப் புடவைக்கடை வாசலில் நின்று கையாட்டுவாராம்.

வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்னா கட்டில்?"

"இரும்புக் கட்டில் நானா. மாமனார் வீட்டுச் சீர்" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"பொட்டி வைக்க இந்த அறைதான் தோது. சட்டி அடுப்பு இருக்கிற குசினியும் தூரமா இருக்கு. கட்டில வெளிய எடுக்க ஏலுமா?"

பிலோமினா முன்னால் வந்தாள். "எங்கம்மா பண்டாரவளையிலருந்து லாரி புடிச்சு அனுப்புன கட்டிலுங்க அது!"

"அல்லாஹ் உங்க உம்மாவுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும் தங்கச்சி. மரக்கட்டிலா அனுப்பியிருக்கலாம்."

அன்று சாயங்காலமே கட்டிலைக் கழற்றி விறகுக் கொட்டிலில் போட்டோம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கூடத்தில் பாயில். பித்தளைப் பெட்டி எங்கள் அறையில், என் தலையணை மேல்.

அவருக்கு இடது புருவம் இல்லை. அதுவும் கதைதான். எங்கள் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஒரு சதுப்பு நிலம். யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர் அந்தப் பக்கம் நடக்கப்போய், தண்ணீரில் குமிழி வருவதைப் பார்த்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் தவளை என்று நினைத்துப் போயிருப்பார்கள். இவர் குனிந்து நெருப்புக்குச்சி உரசியிருக்கிறார். 'புஸ்' என்று ஒரு நீலச் சுவாலை. புருவம் போயிற்று, வாழ்க்கைக்கு லட்சியம் வந்துவிட்டது. மலைக்கு அடியில் வாயு இருக்கிறது! தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம், அடுப்புக்கு அடுப்பு குழாய் இழுத்துவிடலாம்!

கொழும்பில் அவருடைய மேலதிகாரியான பெரியவர் சிரித்திருக்கிறார். "உது அழுகின இலை விடுற வாயு காணும். ஊவா முழுக்கக் கருங்கல். கருங்கல்லுக்குள்ள உமக்கு வாயுவோ?" ஆனாலும் இவர் விடாமல் நச்சரிக்கவே, மனம் இளகிப் பதினைந்து நாள் கொடுத்தார். கருங்கல் ஆழத்தில் கிடக்கிறது என்று காந்தக் கருவியால் ஒரே ஒரு கோடாவது காட்டினால் துளைபோடும் இயந்திரம் வரும். காட்டாவிட்டால் கருவியைப் பூட்டிவிட்டு, கொழும்புக் கந்தோரில் உட்கார்ந்து வரைபடங்களுக்கு ரப்பர் முத்திரை குத்த வேண்டும்.

"ஓய்வு பெறும் வரைக்கும் முத்திரை தம்பி" என்றார் என்னிடம். "ஜன்னலும் இல்லாத அறை. நான் மலையில நடந்தே பழகினவன். அதுக்குள்ள போட்டா ஆறு மாசத்துல என்னைத் தூக்கிட்டுத்தான் வரணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணாடி இறங்கியதைச் சரிசெய்ய மறந்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

காந்தத்துக்கும் வாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்று பிலோமினா கேட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டையே பாடமாக்கிவிட்டார்.

"இந்தத் தட்டு கருங்கல்லு. அதுக்குள்ள காந்தம் கலந்திருக்கு. கிட்ட இருந்தா என்ட பொட்டிக்குள்ள ஊசி துள்ளும். இப்பப் பாருங்க, தட்டுக்கு மேல ரொட்டி அடுக்குறன். இது கோடி வருஷத்துச் சேறு. இறுகி இறுகிக் களிப்பாறை ஆயிட்டுது. ரொட்டி கூடக் கூடத் தட்டு தூரமாகும், ஊசி தூங்கிரும். வாயு இந்தப் பாறையிட வயித்துக்குள்ளதான்."

"அப்ப காந்தம் வாயுவக் காட்டும்?"

"காட்டாது. வாயு இருக்கவே ஏலாத இடத்தைக் காட்டும். மிச்ச இடத்துல தோண்டிப் பார்க்கணும்."

"இதுக்கா எங்க கட்டில வெளிய போட்டீங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே களிப்பாறை முழுவதையும் சம்பலோடு தின்று தீர்த்தார்.

மறுநாளிலிருந்து ஏழாம் நம்பர் மலையில் திருவிழாதான். சதுப்பிலிருந்து உச்சி வரை நேர்கோடாக மரமுளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் மூன்று மரக்கால்களின் மேல் பெட்டியை வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஜீவராசி எல்லாவற்றிடமும் கேள்வி: "இரும்பிருக்கா?" கொழுந்துப் பெண்களின் ஊக்கு போயிற்று. காவல்காரரின் டார்ச் லைட் போயிற்று. லாடம் அடித்த காளை ஒன்று ஓடையின் அக்கரைக்கு நாடு கடத்தப்பட்டது.

பெரிய கங்காணி இருந்தாரே, அவர் தோட்டத்திலேயே ஆணி பூட்ஸ் போட்ட ஒரே மனிதர். அவர் அந்த பூட்ஸைக் கழற்றித் தொழிலாளர் யாரும் பார்த்ததில்லை. சிலர் அது காலோடு பிறந்தது என்றே நம்பினார்கள்.

"கங்காணி ஐயா, இரும்பிருக்கா?"

"எங்கிட்ட என்ன இருந்தா ஒங்களுக்கு என்னங்க?"

"அடியில ஆணி மின்னுதே. கோவிக்க வேணாம்." சொல்லிக்கொண்டே இவர் சேற்றில் முழங்கால் போட்டு, கங்காணியின் பூட்ஸ் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். கங்காணி பதறிப்போனார். "ஐயையோ, விடுங்க, விடுங்க! நானே கழட்டுறேன்!" வெறுங்காலில் அவர் அட்டைகளுக்கு நடுவே குதித்துக் குதித்துப் போனதைப் பார்த்துப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

துரைக்கும் தப்பவில்லை. மோட்டார் சைக்கிளைக் கால் மைலுக்கு அப்பாலேயே துண்டை ஆட்டி நிறுத்திவிட்டார். துரை நடந்து வந்தார். ஊசி துள்ளியது. சாவிக்கொத்தை எறிந்துவிட்டு வந்தார். மறுபடியும் துள்ளியது. கடைசியில் பார்த்தால், எப்போதோ குதிரையிலிருந்து விழுந்த துரையின் முழங்காலுக்குள் டாக்டர்கள் வைத்த தகடு! "உங்க மேல குத்தமில்ல துரை, முழங்கால் மேலதான்" என்றார் இவர். துரை சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு ஏழாம் நம்பர் மலையை அவர் தொழிற்சாலை மாடியிலிருந்தே மேற்பார்வை செய்தார்.

இப்படியெல்லாம் பாடாய்ப் படுத்தியவரைத் தோட்டமே தலையில் வைத்துக் கொண்டாடியது. காரணம் ரொம்பச் சின்னது. தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறவன் கொழுந்துக்காரியை 'வா, போ' என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான். இவர் வயது பார்க்காமல் எல்லாரையும் 'வாங்க அக்கா, போங்க தங்கச்சி' என்றார். முதல் நாள் கொழுந்துக்கூடைக்காரி மாரியாயி, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

முதல் பத்து நாளிலேயே ஊசி தூங்கிவிட்டது! சதுப்புக்கு மேலே, முளைக்கு முளை, அசையாத தூக்கம். இவர் பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார், காவல்காரரைக் கட்டிப்பிடித்தார், பெரிய கங்காணியைக் கட்டிப்பிடிக்கப் போய் அவர் ஓடிவிட்டார். "ஒரேயொரு தடவை மறுபடி அளந்து சரிபார்த்தா போதும் தம்பி. பிறகு இயந்திரம்தான்!"

மறுபடி அளந்தார். ஊசி துள்ளியது.

எப்படி? இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது தெரியாது, அவருக்கும் தெரியாது. ஏழாம் நம்பர் மலை ஓரத்தில் கவ்வாத்துசாமி என்று ஒரு கல். தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் கத்திகளை அதன் முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஒருவருடைய காரியம் நடக்க வேண்டுமென்றால், காரியம் நடக்கும் இடத்திலேயே ஓர் இரும்பைப் புதைத்து நேர்ந்துகொள்வார்கள். பலித்த பிறகு தோண்டி எடுத்து, கழுவி, சாமி முன்னால் வைக்க வேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, விட்டால் பலிக்காது.

ஐயாவுக்கு வந்த கெடுவை அறிந்தவுடன் லயத்தில் யாரோ ஒருவர் நேர்ந்துகொண்டார். ஐயாவின் காரியம் எங்கே நடக்கிறது? முளையடியில்! அங்கேயே புதைத்துவிட்டார். ஊசி துள்ளியது. ஐயா முகம் வாடியது. வாடிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இன்னும் இரண்டு பேர் நேர்ந்துகொண்டார்கள். ஊசி இன்னும் துள்ளியது. ஐயா சாப்பிடாமல் படுத்தார். அவ்வளவுதான், லயமே கிளம்பிவிட்டது. ஒருவர் புதைத்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் தங்களுடைய ஓர் இரும்புதான் ஐயாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். ஐயாவோ பெட்டிக்குள் பார்ப்பாரே தவிரக் காலடியில் பார்க்கிறவர் இல்லை. களை கொத்திய மலையில் கிளறிய மண் யார் கண்ணிலும் படாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டோரில் கவ்வாத்துக் கத்திகள் குறைந்துகொண்டே போனதுதான். தொழிற்சாலையில் பெரிய ஸ்பேனரைக் காணோம். பெரிய கங்காணி திடீரென்று வெறுங்காலில் பெரட்டுக்களத்துக்கு வந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில் எல்லாரும் அவர் காலையே பார்த்தார்கள். கேட்டால், "கால் காத்தாட இருக்கட்டுமேன்னு" என்றார்.

ஐயா வாரத்துக்கொரு தடவை ஹாலிஎல தபால் கந்தோருக்குப் போய்த் தொலைபேசியில் கொழும்போடு கத்துவார். "சேர்! ஊசி தூங்கிச்சு சேர்! இப்ப முழிச்சிட்டுது சேர்! இன்னும் பதினஞ்சு நாள் தாங்க சேர்!" கடைத்தெரு முழுக்கக் கேட்கும். பதினைந்து நாள் ஒரு மாதமாயிற்று, ஒரு மாதம் மழைக்காலமாயிற்று. அவர் வந்தபோது கவ்வாத்து வெட்டிக் கிடந்த பக்கத்து மலை துளிர்த்து, கொழுந்தெடுக்கத் தயாராகிவிட்டது. கடைசியில் பெரியவரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு முடிவு. இயந்திரம், இல்லாவிட்டால் முத்திரை.

பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர், தும்பைப் பூ மாதிரி வெள்ளைக் கால்சட்டை. வரைபடத்தைப் பார்த்தார், பெட்டிக்குள் பார்த்தார், வாயைப் பிளந்தார். "என்ன காணும் இது! முளைக்கு முளை துள்ளுது! எனக்கெண்டால் இது இரும்புத் தாது போலக் கிடக்கு. எங்க கூடத் துள்ளுதோ, அங்க கிண்டச் சொல்லும்!"

மண்வெட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இன்னைக்கு நாள் நல்லாயில்லைங்க" என்றார் ஒருவர். "மண்ணு ரொம்பக் கெட்டிங்க" என்றார் இன்னொருவர், மண்வெட்டியைத் தூக்காமலே. கூடியிருந்த பெண்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். துரை அதட்டிய பிறகுதான் முதல் வெட்டு விழுந்தது.

'ணங்!'

வந்தது ஒரு கவ்வாத்துக் கத்தி. பிறகு இன்னொன்று. பிறகு தொழிற்சாலை ஸ்பேனர். தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர் இருமினார். காவல்காரர்தான், "கவ்வாத்துசாமிக்கு நேர்ந்து பொதச்சதுங்க, ஐயாவுக்காக" என்று உண்மையை உடைத்தார். பிறகு ஒரு ஜோடி ஆணி பூட்ஸ், எண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்கில் பத்திரமாகச் சுற்றியபடி. பெரிய கங்காணி தலைப்பாவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு கல்யாண மாப்பிள்ளையின் பெல்ட்! பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் செயின். துரை மேகத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றார். பிறகு நீளமாக ஒரு கம்பி, நுனியில் பித்தளைக் குமிழ். எங்கேயோ பார்த்த கம்பியாக இருக்கிறதே என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பிலோமினா என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எங்கள் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி.

"நீயுமா? நாம வேதக்காரங்கடி!"

"அந்தோனியாருக்கும் மெழுகுதிரி வச்சிருக்கேங்க" என்றாள், அழாத குறையாக.

பெரியவர் குவியலைப் பார்த்தார். "இது தேயிலைத் தோட்டமோ, இரும்புக்கடையோ?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், வெள்ளைக் கால்சட்டையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம். மலையே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

இரும்பையெல்லாம் தூரக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, அவர் பெட்டியைக் குழியோரம் நிறுத்திப் பார்த்தார். "தூங்குது" என்றார் மெதுவாக. "சேர், ஊசி தூங்குது." பிறகு குழிக்குள் இறங்கி அடி மண்ணைக் கையால் தள்ளினார். கீழே வெள்ளை வெளேரென்று கல். ஊரில் சுவருக்குப் பூச எடுக்கிற அதே சுண்ணாம்புக்கல். கண்ணாடி இறங்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் மூடி மறைத்திருக்கலாம். பெரியவர் இன்னும் மேலேதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"களிப்பாறை இல்ல சேர். சுண்ணாம்புக்கல்லு. இதுல காந்தம் இல்ல, அதான் தூங்கியிருக்கு. வாயுவும் இல்ல."

பெரியவரின் சிரிப்பு நின்றது. "நீர் நல்ல மனுசன் காணும்" என்றார். "ஆனா பெட்டியைப் பூட்டத்தான் வேணும்."

ஐயா குழிக்குள் நின்றபடியே சிரிக்கப் பார்த்தார். "இவ்வளவு பேரும் எனக்காக வேண்டியிருக்கீங்க. உங்க சாமியும் என்னைக் கைவிட்டிருச்சே அக்கா!"

மாரியாயிக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாருங்க கைவிட்டது? வாயு வரணும்னு இங்க யாரு வேண்டுனா? வாயு வந்தா என்ன, வராட்டி என்ன, நாங்க வெறகு பொறக்கிக்குவோம். நீங்க எங்கள விட்டுப் போயிரக்கூடாதுன்னு வேண்டுனோம். பதினஞ்சு நாளைக்கு வந்தவரு இத்தன மாசம் இருந்தீங்கல்ல? சாமி குடுத்துருச்சுங்க!"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். இல்லாத புருவத்தையும் இருக்கிற புருவத்தையும் சேர்த்துத் துடைத்தார். குழியை விட்டு ஏறி வந்து, வருஷக்கணக்காகத் தொடாத மனிதர், தூரக் கிடந்த அந்த இரும்புகளை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்து ஓடைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றாகக் கழுவி, "இது யாருடையது?" என்று கேட்டுக் கேட்டுக் கையில் கொடுத்தார். பூட்ஸைக் கொடுத்தபோது பெரிய கங்காணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்த முறை ஓடவில்லை.

மறுநாள் காலை ஜீப் எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அன்றே கட்டிலைத் திரும்பப் பொருத்தி அறைக்குள் போட்டோம். ஆனால் அதற்குப் பிறகும் பிலோமினா ஒரு வாரம் மூன்று பேருக்குத்தான் ரொட்டி சுட்டாள். அவர் இப்போது வந்துவிடுவார் என்றுதான் எனக்கும் இருந்தது.